ஒரே வீடு, ஒரே கொசு. ஒரு பிள்ளைக்கு மட்டும் டெங்கு கடுமையாவது ஏன்?

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. இரண்டும் நன்றாகப் பெய்வதால்தான் நாஞ்சில் நாட்டில் குளமும் வயலும் நிறைகின்றன. கொசுவுக்கும் அதனால் இரண்டு பருவம் கிடைத்துவிடுகிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வீட்டுத் தொட்டியிலும் மொட்டைமாடி டயரிலும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. மேற்கே ரப்பர் தோட்டங்களில், பால்வெட்டு இல்லாத நாட்களில் மரத்தில் மாட்டியபடியே கிடக்கும் சிரட்டைகளில் மழைநீர் தேங்கி, ஆசியப் புலிக்கொசு பெருகுகிறது. டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் இந்தக் கொசுக்கள் பரப்பும்.

காய்ச்சல் சீசனில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும் பெற்றோரிடம் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும். "ரெண்டு பிள்ளையளும் ஒரே பாயிலதான் படுத்துக் கிடந்தது. மூத்தவனுக்கு நாலு நாள்ல சரியாப் போச்சு. எளையவள மட்டும் ஏன் ஐசியூல போட்டாவ?" கேள்வி நியாயமானது. அதே வைரஸ், அதே சாப்பாடு, அதே அம்மா அப்பா. பிறகு எங்கே வித்தியாசம் வந்தது?

பதிலின் ஒரு பகுதி மரபணுவில் இருக்கிறது. ஆனால் அது எவ்வளவு பெரிய பகுதி என்பதில்தான் பலருக்கும் குழப்பம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மரபணு தருவது ஒரு சின்னத் தள்ளல் மட்டுமே. மிகச் சில பிள்ளைகளுக்கு மட்டும் அதுவே உயிரைத் தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் பெற்றோர் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பது தெளிவாகும்.

உடன்பிறந்தவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி ஒன்றல்ல

வைரஸ் உடம்புக்குள் நுழைந்ததும் முதலில் வேலை செய்வது இன்டர்ஃபெரான் என்ற புரதம். வைரஸ் புகுந்த செல், பக்கத்துச் செல்களுக்கு "கதவைச் சாத்து" என்று சொல்லி அனுப்பும் சமிக்ஞை அது. சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டிய வேலை. இது தாமதமானால் வைரஸ் பல மடங்காகப் பெருகிவிடும்.

அடுத்து வருவது அடையாளம் காட்டும் வேலை. ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை எடுத்து, வெளிப்பக்கம் பிடித்துக் காட்டிக்கொண்டே இருக்கும். ரோந்து வரும் டி செல்கள் அதைப் பார்த்து, "இது நம்ம வீட்டுச் சாமான், இது வெளியாள்" என்று முடிவு செய்யும். அந்தத் துண்டைப் பிடித்துக் காட்டும் கைதான் எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறு. இதற்கான மரபணுக்கள் 6-வது குரோமோசோமில் கூட்டமாக இருக்கின்றன. மனித மரபணுக்களிலேயே மிக அதிகமாக வேறுபடுவது இந்தக் கூட்டம்தான். உலகம் முழுக்க 30,000-க்கும் அதிகமான வகைகள் இதுவரை பதிவாகியிருக்கின்றன.

ஒரு குழந்தைக்கு எச்.எல்.ஏ. தொகுப்பு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வருகிறது. இதனால் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கு எச்.எல்.ஏ. முழுவதும் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான் உண்டு. எலும்பு மஜ்ஜை தானத்துக்கு அண்ணன், தங்கையைச் சோதித்துப் பார்த்தும் பல வீடுகளில் பொருந்தாமல் போவது இதனால்தான். மஜ்ஜைக்கு மட்டுமல்ல, வைரஸுக்கும் இந்த வித்தியாசம் தெரியும். ஒருவரின் எச்.எல்.ஏ. ஒரு வைரஸின் துண்டை நன்றாகப் பிடித்துக் காட்டும். இன்னொருவருடையது அவ்வளவு நன்றாகக் காட்டாது. அடுத்த வைரஸ் வரும்போது நிலைமை தலைகீழாகலாம். "எல்லாத்துக்கும் நல்ல ஜீன்" என்று ஒன்று கிடையாது.

வியட்நாம் குழந்தைகள் சொன்ன பதில்

டெங்குவில் பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்தாவது காய்ச்சல் அல்ல, அதிர்ச்சி நிலை. ரத்தக் குழாய்களின் உட்சுவர் கசிந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் இறங்கிவிடும். ரத்த அழுத்தம் விழும். சில பிள்ளைகளுக்கு மட்டும் இப்படி ஆவது ஏன் என்று கண்டுபிடிக்க வியட்நாமின் ஹோ சி மின் நகரில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முதல் கட்டத்தில் அதிர்ச்சி நிலைக்குப் போன 2,008 குழந்தைகளின் மரபணுத் தொகுப்பு, ஒப்பீட்டுக்கு எடுத்த 2,018 பேரின் தொகுப்புடன் முழுவதும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. பிறகு இன்னும் 1,737 நோயாளிகளிடமும் 2,934 பிறரிடமும் அதே முடிவு வருகிறதா என்று சரிபார்த்தார்கள். 2011-ல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் முடிவு வெளியானது.

இரண்டு இடங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று, எச்.எல்.ஏ. கூட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் எம்.ஐ.சி.பி. என்ற மரபணு. வைரஸால் கஷ்டப்படும் செல், "என்னைக் கொன்றுவிடு" என்று உயர்த்தும் சிவப்புக் கொடி போன்ற புரதத்தை இது உருவாக்குகிறது. அந்தக் கொடியைப் பார்த்துத்தான் இயற்கைக் கொல்லி செல்கள் வந்து பாய்கின்றன. இன்னொன்று, 10-வது குரோமோசோமில் உள்ள பி.எல்.சி.இ.1. இதில் பழுது ஏற்பட்டால் சிறுநீரக வடிகட்டி ஒழுகும் நெஃப்ரோடிக் நோய் வரும் என்பது முன்பே தெரிந்த விஷயம். அதனால் டெங்குவில் ரத்தக் குழாய் கசிவதிலும் இதற்குப் பங்கிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

எல்லாம் சரி, இந்த மரபணு வகை இருந்தால் ஆபத்து எத்தனை மடங்கு கூடுகிறது? எம்.ஐ.சி.பி. விஷயத்தில் சுமார் 1.3 மடங்கு. ஒரு பேச்சுக்கு, டெங்கு வந்த 100 பிள்ளைகளில் 5 பேருக்குக் கடுமையாகும் என்று வைத்துக்கொண்டால், இந்த வகை உள்ளவர்களில் அது 6 அல்லது 7 ஆகும். மீதி 93 பேர் அதே மரபணுவோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

மரபணுவை விடப் பெரிய காரணங்கள்

டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு எதிராக நீண்ட காலப் பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் இரண்டாவது முறை வேறொரு வகை தாக்கினால், பழைய எதிர்ப்புப் புரதங்கள் வைரஸை அழிக்காமல் அரைகுறையாக ஒட்டிக்கொண்டு, அதைச் செல்லுக்குள் கொண்டுபோய் விடவும் கூடும்.

கியூபாவில் இது கண்கூடாகத் தெரிந்தது. 1977-ல் அங்கே முதல் வகை டெங்கு பரவியது. பெரிய சேதம் இல்லை. 1981-ல் இரண்டாம் வகை வந்தது. 3,44,203 பேருக்கு நோய், 158 சாவு. இறந்தவர்களில் 101 பேர் குழந்தைகள். முதல் அலைக்குப் பிறகு பிறந்த ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கடுமையான டெங்கு மிக அரிதாகவே வந்தது. முதல் அலையைப் பார்த்திருந்த பிள்ளைகளும் பெரியவர்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அதே தொற்றில் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு நோய் கடுமையாவது குறைவாக இருந்ததையும் கியூப மருத்துவர்கள் கவனித்தார்கள். டெங்குவில் மரபணுவுக்குப் பங்கு உண்டு என்ற சந்தேகத்தை வலுப்படுத்திய கவனிப்புகளில் அதுவும் ஒன்று.

ஆக, ஒரு வீட்டில் மூத்தவன் நான்கு நாளில் எழுந்துவிட்டான், இளையவள் ஐசியூவில் கிடக்கிறாள் என்றால், முதலில் பார்க்க வேண்டியது அவளுக்கு இது எத்தனையாவது டெங்கு என்பது. முந்தைய டெங்கு சாதாரணச் சளிக்காய்ச்சல் போல வந்துபோயிருக்கலாம். வீட்டில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பிறந்து ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையான கைக்குழந்தைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் பாதி குறைந்து, பாதி மிஞ்சியிருக்கும் காலம் அது. முதல் தொற்றே அந்த வயதில் கடுமையாகலாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வித்தியாசம் சிகிச்சையில் இருக்கிறது. கடுமையான டெங்குவுக்குச் சரியான சிகிச்சை கிடைக்காவிட்டால் நூற்றுக்கு 20 பேர் வரை இறக்கலாம். நேரத்தில் கண்டுபிடித்துத் திரவம் சரியாக ஏற்றினால் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. மரபணு ஆபத்தைக் கூட்டுவது 1.3 மடங்கு, நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவது சாவைக் குறைப்பது 20 மடங்கு. 2017-ல் தமிழ்நாட்டில் 23,294 பேருக்கு டெங்கு பதிவாகி 65 பேர் இறந்த வருடத்திலும் கணக்கு இதுதான்.

நேரம் என்பது எது? பல பெற்றோர் தவறவிடுவது இங்கேதான். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். "சூடு விட்டுப்போச்சு, இனி பயமில்ல" என்று வீட்டில் மூச்சு விடுவார்கள். ரத்தக் குழாய் கசியத் தொடங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் பிள்ளையைக் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். தீராத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், வேகமான மூச்சு, கை கால் சில்லிட்டுப் போவது, பிள்ளை சோர்ந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, சிறுநீர் குறைவது: இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் ரத்தக் கசிவைக் கூட்டும்.

வேலூர் குடிசைப் பகுதியிலிருந்து ஒரு பாடம்

குழந்தைகளின் வைரஸ் நோயில் தமிழ்நாட்டிலேயே நடந்த முக்கியமான ஆய்வு ரோட்டா வைரஸ் பற்றியது. கைக்குழந்தைகளுக்கு நீர்நீராகப் பேதி வரவைக்கும் வைரஸ் இது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், அந்த நகரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். மெக்சிகோவில் முன்பு நடந்த இதேபோன்ற ஆய்வில், இரண்டு முறை தொற்று வந்த குழந்தைகளுக்கு அதன் பிறகு கடுமையான பேதி வரவே இல்லை. வேலூரில் மூன்று முறை தொற்று வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். 2011-ல் வெளியான இந்த முடிவு உலக அளவில் பேசப்பட்டது.

வேலூர்ப் பிள்ளைகளின் மரபணு மோசம் என்று இதற்கு அர்த்தமா? அப்படிச் சொல்ல முடியாது. மிகச் சிறிய வயதிலேயே, பல வகை வைரஸ், அதிக அளவில், அடிக்கடி வருகிறது. குடல் ஏற்கெனவே பிற கிருமிகளால் அலைக்கழிந்திருக்கிறது. சத்துக் குறைவும் சேர்கிறது. இவ்வளவுக்கும் நடுவில் மரபணுவும் தன் பங்குக்கு இருக்கிறது. ரோட்டா வைரஸின் பல வகைகள் குடல் சுவரில் உள்ள சில சர்க்கரை மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகின்றன. அந்தச் சர்க்கரையை உருவாக்குவது எஃப்.யூ.டி.2 என்ற மரபணு. இதன் இரண்டு நகலும் வேலை செய்யாதவர்களுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. அதனால் சில ரோட்டா வகைகளும், நோரோ வைரஸின் முக்கியமான ஒரு வகையும் அவர்களை எளிதில் தொடுவதில்லை. ஐரோப்பியரில் ஐந்தில் ஒருவர் இப்படி. மரபணுவில் 'பழுது' என்று சொல்லப்படுவது சில நேரம் கவசமாகவும் ஆகும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இந்த ஆய்வுகளால் கிடைத்த நடைமுறைப் பலன் மரபணுச் சோதனை அல்ல, தடுப்பு மருந்து. டெல்லி எய்ம்ஸில் எடுக்கப்பட்ட வைரஸ் வகையிலிருந்து உருவான 'ரோட்டாவேக்', டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் பரிசோதிக்கப்பட்டது. முதல் வருடத்தில் கடுமையான ரோட்டா பேதியைப் பாதிக்கும் மேல் குறைத்தது. 2017-ல் தமிழ்நாட்டின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து சேர்ந்தது. எஃப்.யூ.டி.2 எப்படி இருந்தாலும் எல்லாப் பிள்ளைக்கும் அதே சொட்டுதான்.

ஒரே மரபணு, உயிர் போகும் ஆபத்து

இதுவரை சொன்னது சின்னத் தள்ளல்கள். இனி வருவது வேறு கதை.

பிரான்சில் அதுவரை ஆரோக்கியமாக இருந்த இரண்டரை வயதுப் பெண் குழந்தை, சாதாரண ஃப்ளூ காய்ச்சலில் நுரையீரல் செயலிழக்கும் நிலைக்குப் போனாள். ஆராய்ந்தபோது இன்டர்ஃபெரான் உற்பத்தியைத் தூண்டும் ஐ.ஆர்.எஃப்.7 என்ற மரபணுவின் இரண்டு நகலும் பழுதாக இருந்தது தெரிந்தது. ஒரு பழுது அப்பாவிடமிருந்து, இன்னொன்று அம்மாவிடமிருந்து. பெற்றோர் இருவரிடமும் ஒரு நல்ல நகல் இருந்ததால் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. 2015-ல் இது வெளியானது. அதற்கு முன்பு, 2007-ல், டி.எல்.ஆர்.3 என்ற மரபணுவில் குறை உள்ள குழந்தைகளுக்கு ஹெர்பிஸ் வைரஸ் மூளைக்காய்ச்சலாக மாறுவது கண்டறியப்பட்டிருந்தது. ஊரில் பெரும்பாலானோருக்கு உதட்டுக் கொப்புளத்தோடு போய்விடும் அதே வைரஸ்தான் இது.

இவற்றில் மிகக் கடுமையானது 'சிட்' என்று மருத்துவர்கள் சொல்லும் தீவிரக் கூட்டு எதிர்ப்புக் குறைபாடு. இந்தக் குழந்தைகளுக்கு டி செல்களே இருக்காது. பிறக்கும்போது பார்க்க நன்றாகவே இருப்பார்கள். சில மாதத்தில் விடாத பேதி, வாயில் வெள்ளை படிவது, நிமோனியா மேல் நிமோனியா, எடை ஏறாமல் நிற்பது என்று தொடங்கும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒரு வயது தாண்டுவதில்லை. ஆனால் மூன்றரை மாதத்துக்குள் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை கிடைத்த குழந்தைகளில் 94 சதவீதம் பேர் ஐந்து வருடத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்ததாக 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த நாட்டில் 2018-க்குள் எல்லா மாநிலங்களிலும் பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு துளி ரத்தத்திலேயே இதைச் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்தியாவில் எல்லாக் குழந்தைக்கும் அப்படியொரு சோதனை இன்னும் இல்லை.

சொந்தத்தில் கல்யாணம்: எவ்வளவு பயம் தேவை?

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சைத் தவிர்க்க முடியாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே திருமணமான பெண்களில் 28 சதவீதம் பேர் ரத்த சொந்தத்தில் மணமுடித்தவர்கள். நாட்டிலேயே அதிகம் இதுதான். மாமன் மகள், அத்தை மகன் உறவில் பிறக்கும் குழந்தைக்கு, அதன் மரபணுக்களில் 16-ல் ஒரு பங்கு ஒரே மூதாதையிடமிருந்து இரட்டையாக வந்திருக்கும் என்பது சராசரிக் கணக்கு. தாய்மாமனையே மணந்தால் 8-ல் ஒரு பங்கு. அந்தப் பங்கில் ஐ.ஆர்.எஃப்.7 போன்ற ஒன்று பழுதாக இருந்தால், மறைந்திருந்த குறை வெளியே வந்துவிடும்.

சொந்தம் பார்க்காதவர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. ஹைதராபாத் சி.சி.எம்.பி. நிறுவனமும் ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களில் 81 குழுக்கள் மிகச் சிறிய மூதாதையர் கூட்டத்திலிருந்து வந்தவை என்று தெரிந்தது. பல நூறு வருடமாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததால், ரத்த சொந்தம் இல்லாதவர்களும் மரபணுவில் தூரத்துச் சொந்தக்காரர்கள்தான். பாலினேசியத் தீவுகளிலும் கிரீன்லாந்திலும் இப்படித்தான் நடந்தது. சிறிய மக்கள் கூட்டத்துக்குள், இன்டர்ஃபெரான் சமிக்ஞையைப் பெறும் வாசல் பழுதான ஒரு மரபணு வகை பரவிவிட்டது. அதன் இரண்டு நகலும் வாய்த்த குழந்தைகள் கடுமையான வைரஸ் நோய்களுக்கு ஆளானது 2022-ல் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது.

இதற்காகச் சொந்தத்தில் கட்டியவர்கள் எல்லாரும் பயந்து சாக வேண்டியதில்லை. அப்படிப் பிறந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நல்ல ஆரோக்கியத்தோடுதான் இருக்கிறார்கள். ஆனால் பெற்றோர் இருவரிடமும் ஒரே பழுது இருப்பது ஒரு குழந்தை மூலம் தெரிந்துவிட்டால், அடுத்த ஒவ்வொரு பிரசவத்திலும் ஆபத்து நான்கில் ஒன்று. "மொதப் பிள்ளைக்கு வந்துட்டு, இனி வராது" என்ற கணக்கு இங்கே பலிக்காது.

காசு கொடுத்து மரபணுச் சோதனை செய்யலாமா?

ஆரோக்கியமான பிள்ளைக்குத் தேவையில்லை. டெங்கு கடுமையாகுமா, ஃப்ளூ தாங்குமா என்று சொல்லக்கூடிய சோதனை எதுவும் இல்லை. வெளிநாட்டில் கண்ட தொடர்பு இங்கே அப்படியே பொருந்தும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. கோவிட் காலத்தில் இதற்கு ஒரு சாட்சி கிடைத்தது. நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்த ஒரு மரபணுத் துண்டு கோவிடைக் கடுமையாக்குகிறது என்று 2020-ல் ஐரோப்பியத் தரவுகளை வைத்துச் சொன்னார்கள். அந்தத் துண்டு தெற்காசியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இருக்கிறது என்றதும் இங்கே பீதி கிளம்பியது. ஆனால் 2021-ல் இந்திய ஆய்வாளர்கள் பார்த்தபோது, தெற்காசிய மக்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை.

இங்குள்ளவர்களின் மரபணுவை இங்கேயே படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் மத்திய அரசின் 'ஜீனோம் இந்தியா' திட்டம் 10,000 ஆரோக்கியமான இந்தியர்களின் முழு மரபணுத் தொகுப்பைப் பதிவு செய்தது. 2025 ஜனவரியில் அது ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. எந்த வகை இங்கே சாதாரணம், எது அபூர்வம் என்று பிரித்துப் பார்க்க இது அடித்தளம். குழந்தைகளின் தொற்று நோயோடு அதைப் பொருத்திப் பார்க்கும் வேலை அடுத்த கட்டம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

பிள்ளைக்கு வருடத்தில் ஏழெட்டு முறை சளி பிடிப்பது பள்ளிக்கூடம் போகும் வயதில் சாதாரணம். அதை எதிர்ப்புக் குறைபாடு என்று நினைக்கக் கூடாது. கீழ்க்கண்டவை இருந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும்:

- ஒரே வருடத்தில் இரண்டு முறை அல்லது அதற்கு மேல் நிமோனியா.
- ஒரே வருடத்தில் நான்கு முறை அல்லது அதற்கு மேல் காதில் சீழ்.
- இரண்டு மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்தும் சரியாகாத தொற்று.
- கைக்குழந்தைக்கு எடை ஏறாமல் நிற்பது, வாயில் விடாத வெள்ளைப் படிவு.
- தோலிலோ உள்ளுறுப்பிலோ திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி.
- மற்றவர்களுக்குச் சாதாரணமாகப் போகும் வைரஸ், இந்தப் பிள்ளையை மட்டும் ஐசியூவுக்குக் கொண்டுபோவது.
- குடும்பத்தில் கைக்குழந்தைகள் காரணம் தெரியாமல் இறந்திருப்பது.

கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியமானது. 'சிட்' நோயின் ஒரு வகை தாய் வழியாக ஆண் குழந்தைகளுக்கு மட்டும் வரும். அம்மாவின் அண்ணன் தம்பியோ, பெரியம்மா, சித்தி வீட்டு ஆண் குழந்தையோ கைக்குழந்தையாக இருந்தபோதே தொற்றில் இறந்திருந்தால், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பல வீடுகளில் இந்தச் சாவுகளைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். பாட்டிமாருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

சொல்ல வேண்டிய நேரம், அடுத்த குழந்தை பிறப்பதற்கு முன். காரணம் இருக்கிறது. இந்தியாவில் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசியிலும் போலியோ சொட்டு மருந்திலும் பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள கிருமி இருக்கிறது. ஆரோக்கியமான குழந்தைக்கு அது பாதுகாப்பு. 'சிட்' உள்ள குழந்தைக்கு மட்டும் அதுவே நோயாக மாறலாம். குடும்ப வரலாறு முன்பே தெரிந்தால், ரத்தச் சோதனை முடியும் வரை உயிருள்ள தடுப்பு மருந்துகளைத் தள்ளிவைக்க மருத்துவர் முடிவெடுப்பார். முதல் சோதனை ஒன்றும் பெரிய செலவு இல்லை. வழக்கமான ரத்த அணு எண்ணிக்கையில் லிம்போசைட் அளவு வயதுக்கேற்ற அளவைவிடக் குறைவாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

இதைக் கேட்டு மற்றப் பெற்றோர் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டால் பலன் தலைகீழாகிவிடும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியால் பல பள்ளிகளில் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினார்கள். எதிர்ப்புக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போட முடியாது. வகுப்பில் பக்கத்தில் உட்காரும் நாற்பது பிள்ளைகளும் போட்டிருந்தால்தான் அந்த ஒரு பிள்ளைக்கு வைரஸ் வந்து சேராது.

சந்தேகம் உறுதியானால் குமரி மாவட்டத்தினர் போகக்கூடிய தூரத்திலேயே வழி இருக்கிறது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் முதல் பரிசோதனையைத் தொடங்கலாம். பக்கத்துத் திருவனந்தபுரத்தில் உள்ள எஸ்.ஏ.டி. மருத்துவமனை, மத்திய அரசின் அரிய நோய் சிறப்பு மையங்களில் ஒன்று. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் நீண்ட அனுபவமுள்ள வேலூர் சி.எம்.சி. மாநிலத்துக்குள்ளேயே இருக்கிறது. 2021-ல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையில், மஜ்ஜை மாற்றினால் குணமாகக்கூடிய நோய்களின் முதல் பட்டியலில் 'சிட்' இடம்பெற்றிருக்கிறது. பட்டியலில் உள்ள நோய்களுக்குச் சிறப்பு மையங்கள் மூலம் 50 லட்சம் ரூபாய் வரை உதவி கேட்கலாம். விண்ணப்பத்துக்கு உறுதியான நோயறிதல் வேண்டும். அதற்குத்தான் அந்தப் பழைய வீட்டுக் கதைகளை டாக்டரிடம் சீக்கிரம் சொல்ல வேண்டும் என்பது.